வீட்டு வாடகை: நாம் போட வேண்டிய கணக்கு

(மும்பையில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஊரை விட்டு உழைக்க வந்த நமக்குச் சம்பளத்தைப் பற்றிப் பேசத் தெரியும். கூலியில் நூறு ரூபாய் குறைந்தால் மேஸ்திரியை நிறுத்திக் கேள்வி கேட்கிறோம். ஒருவர் கேட்கத் துணியாவிட்டால் நாலு பேர் சேர்ந்து போய்க் கேட்கிறோம். ஆனால் வாடகையில் ஆயிரம் ரூபாய் கூட்டிச் சொன்னால் வாய் திறக்காமல் எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறோம். இது ஏன் என்று என்றைக்காவது சிந்தித்துப் பார்த்தோமா?

வேலைக்கு நாம் கூட்டமாகப் போகிறோம். பக்கத்தில் நிற்பவர் என்ன கூலி வாங்குகிறார் என்பது தெரியும். வீட்டுக்கோ ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போகிறோம். அடுத்த கதவில் இருப்பவர் என்ன வாடகை கொடுக்கிறார் என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணிக்கொள்கிறோம். வீட்டுக்காரருக்கும் தரகருக்கும் அந்தத் தெருவின் விலை முழுவதும் தெரியும். நமக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் பேரம் பேசினால் யார் வெல்வார்கள் என்று சொல்லவும் வேண்டுமோ!

ஆகவே இன்றைக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் ஒன்றே ஒன்றுதான். இந்த நகரத்தில் ஒரு வீட்டுக்குக் கேட்கும் வாடகை, அந்த வீட்டுக்குத் தகுமா, தகாதா? அதை எப்படிக் கணக்குப் போட்டு அறிவது?

விலை ஒளிந்துகொள்ளும் இடங்கள்

முதலில் ஒரு சிறிய வரலாறு. பம்பாயில் வாடகைக் கட்டுப்பாடு நேற்று வந்ததல்ல. முதல் உலகப் போர்க் காலத்திலேயே, 1918இல், வாடகையை ஏற்றக்கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. பிறகு 1947இல் பம்பாய் வாடகைச் சட்டம் வந்தது. பழைய வீடுகளின் வாடகையை 1940ஆம் ஆண்டு இருந்த அளவிலேயே அது நிறுத்தி வைத்தது. ஆலைத் தொழிலாளியும் துறைமுகத் தொழிலாளியும் நகரத்துக்குள்ளேயே குடியிருக்க முடிந்ததற்கு அந்தச் சட்டம் ஒரு காரணம். ஆனால் விலைவாசி ஏற ஏற, வாடகையில் வாங்க முடியாததை வீட்டுக்காரர்கள் வேறு வழியில் வாங்கத் தொடங்கினார்கள். அதுதான் பகடி. மாத வாடகை சொற்பம். ஆனால் உள்ளே நுழைவதற்கே ஒரு பெருந்தொகை. வாடகையை அப்படி உறைய வைத்திருப்பது இனியும் நியாயமல்ல என்று 1997இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 1999இல் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 2000 மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டம் பழைய வாடகைதாரர்களின் வாடகையை ஆண்டுக்கு 4 விழுக்காடு ஏற்ற இடம் தந்தது. பகடியையும் சட்டத்துக்கு உட்பட்டதாக்கியது.

இந்த வரலாற்றை ஏன் சொல்கிறோம்? விலையை ஓர் இடத்தில் அமுக்கினால் அது வேறோர் இடத்தில் தலைதூக்கும் என்பதைக் காட்டத்தான். இன்றைக்கு வீடு தேடுகிற நம்மில் பெரும்பாலோர் பழைய வாடகைதாரர்கள் அல்லர். லீவ் அண்ட் லைசென்ஸ் என்ற 11 மாத ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். நமக்கு இன்ன வாடகைதான் வாங்க வேண்டும் என்ற உச்சவரம்பு கிடையாது. நமக்குச் சொல்லப்படும் வாடகை ஓர் எண். நாம் கொடுப்பதோ பல எண்களின் கூட்டுத்தொகை. டெபாசிட், தரகு, பதிவுச் செலவு, மெயின்டனன்ஸ், தண்ணீர், ரயில், பஸ், ஷேர் ஆட்டோ என்று விலை பல மூலைகளில் ஒளிந்திருக்கிறது. அதை வெளியே இழுத்துப் போட்டு எண்ணினால்தான் வீட்டின் உண்மை விலை தெரியும்.

முதல் கணக்கு: டேப்பை எடுங்கள்

தரகர் சொல்வார்: "அண்ணாச்சி, 350 சதுர அடி, ஒன் ஆர்.கே., காற்றோட்டம் பிரமாதம்." நாமும் தலையாட்டுவோம். அந்த 350 எதன் அளவு? சுவரின் கனம், மாடிப்படி, லிஃப்ட் நிற்கும் இடம், நடைபாதை எல்லாவற்றிலும் ஒரு பங்கைச் சேர்த்துச் சொல்லும் அளவாக இருக்கலாம். நாம் பாய் விரித்துப் படுக்கும் இடத்தின் அளவுக்குக் கார்ப்பெட் ஏரியா என்று பெயர். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வீடு விற்பவர்களுக்கு இந்த அளவைத்தான் சொல்ல வேண்டும் என்று விதித்திருக்கிறது. வாடகைக்கு எடுக்கும் நாமும் இந்த அளவைத்தான் கேட்க வேண்டும். கேட்பதைவிட நாமே அளந்துவிடுவது நல்லது. இருபது ரூபாய் டேப் போதும்.

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். கூடம் 10 அடிக்கு 12 அடி. அது 120. சமையலறை 6க்கு 8, அது 48. குளியலறையும் கழிப்பறையும் சேர்த்து 4க்கு 6, அது 24. மொத்தம் 192 சதுர அடி. வாடகை 16,000 ரூபாய். சொன்ன 350 அடியால் வகுத்தால் அடிக்கு 46 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அளந்த 192ஆல் வகுத்தால் அடிக்கு 83 ரூபாய். அடுத்த தெருவில் ஒரு சால் வீடு 160 அடி, வாடகை 9,000 ரூபாய் என்றால், அங்கே அடிக்கு 56 ரூபாய். 1920களில் கட்டிய பி.டி.டி. சால்களில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. அதன் அளவும் 160 சதுர அடிதான். லிஃப்ட் வைத்த கட்டடத்தில் நாம் கூடுதலாகப் பெறுவது 32 சதுர அடியும், வீட்டுக்குள்ளேயே ஒரு கழிப்பறையும். அதற்கு மாதம் 7,000 ரூபாய் கூடுதல்.

தகுமா என்று கேட்டால், எல்லாருக்கும் ஒரே பதில் இல்லை. வயதுக்கு வந்த பெண் பிள்ளை இருக்கும் வீட்டில், இரவில் பொதுக் கழிப்பறைக்குப் போக வேண்டாம் என்பதன் விலை என்ன என்று தாய்மார்களைத்தான் கேட்க வேண்டும். அந்த நிம்மதிக்கு 7,000 கொடுக்கலாம் என்று ஒரு குடும்பம் முடிவு செய்தால் அது அவர்கள் உரிமை. ஆனால் எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். 350 அடிக்குக் கொடுக்கிறோம் என்று எண்ணிக்கொண்டு கொடுக்கக்கூடாது.

இரண்டாவது கணக்கு: டெபாசிட் சும்மா கிடக்கவில்லை

"டெபாசிட் திரும்பி வரும் பணம்தானே, அது செலவில்லையே" என்று நம்மவர்கள் சொல்வார்கள். திரும்பி வரும், வந்தால். அதுவரை அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? ஊரில் நகையை அடகு வைத்தோமா? மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றால், 60,000 ரூபாய்க்கு மாதம் 600 ரூபாய். தெரிந்தவரிடம் இரண்டு வட்டிக்கு வாங்கினோமா? மாதம் 1,200. அந்த வட்டியும் வாடகைதான். வாங்குகிறவர் வேறு ஆள் என்பதைத் தவிர வித்தியாசம் இல்லை.

தரகும் அப்படியே. ஒரு மாத வாடகை தரகு என்றால் 16,000 ரூபாய். பதினொரு மாதம் இருந்துவிட்டுக் கிளம்பினால் மாதத்துக்கு 1,455 ரூபாய் தரகருக்குக் கொடுத்ததாக ஆகிறது. அதே வீட்டில் 33 மாதம் இருந்தால் மாதத்துக்கு 485 ரூபாய்தான். ஆகவே ஒப்பந்தம் எத்தனை மாதம் என்பதும் வாடகையின் ஒரு பகுதிதான். முடிந்தால் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு எழுதுங்கள். ஆண்டுக்கு எவ்வளவு ஏற்றலாம் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். வருடா வருடம் மூட்டை கட்டுகிற குடும்பம் வீட்டுக்காரருக்கு ஒரு வாடகையும், தரகருக்கும் டெம்போக்காரருக்கும் இன்னொரு வாடகையும் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

ஹெவி டெபாசிட் என்ற முறை நம் பகுதிகளில் இருக்கிறது. நாலைந்து இலட்சத்தை மொத்தமாகக் கொடுத்தால் மாத வாடகை இல்லை, அல்லது பெயருக்குக் கொஞ்சம். கேட்க இனிப்பாக இருக்கும். ஐந்து இலட்சம் நம்முடைய சேமிப்பாக இருந்து, வங்கியில் ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி வருமென்றால், நாம் இழப்பது மாதம் 2,500 ரூபாய்தான். அந்தக் கணக்கில் இலாபம் என்றே தோன்றும். ஆனால் வட்டிக்கு வாங்கிக் கொடுத்தால் கணக்கு தலைகீழாகிவிடும். இரண்டு வட்டி என்றால் மாதம் 10,000. அதுமட்டுமல்ல. வீட்டுக்காரர் அந்தப் பணத்தைச் செலவழித்துவிட்டு, "அடுத்த ஆள் வந்து கொடுத்தால் உங்களுக்குக் கொடுக்கிறேன்" என்று சொன்னால், நம் மகளின் கல்யாணத் தேதி அவர் சௌகரியத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான். கட்டாயம் பதிவு செய்த ஒப்பந்தமும், வங்கி வழியாகப் பணம் போனதற்கான சான்றும் இல்லாமல் ஹெவி டெபாசிட் கொடுக்கவே கூடாது.

மூன்றாவது கணக்கு: தூரத்தின் விலை

"இங்கே 16,000 கொடுப்பதற்குக் கல்யாணுக்கு அப்பால் போனால் 9,000க்கு இதைவிடப் பெரிய வீடு கிடைக்கும்" என்று சொல்பவர்கள் நம்மில் பலர். உண்மைதான், கிடைக்கும். அந்த இரண்டு வீடுகளையும் ஒரு தாளில் எழுதிப் பார்ப்போம். எண்கள் நாம் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொண்டவை. நீங்கள் உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

குடும்பத் தலைவர் சயானில் ஒரு கடையில் மாதம் 24,000 ரூபாய்க்கு வேலை செய்கிறார். அவர் மனைவி மாட்டுங்காவில் மூன்று வீடுகளில் சமையல் வேலை செய்து 9,000 ரூபாய் கொண்டுவருகிறார். குடும்ப வரவு 33,000.

பக்கத்து வீடு: வாடகை 16,000. தரகு மாதத்துக்கு 1,455. டெபாசிட் 60,000, ஒரு வட்டி என்றால் 600. பதிவுச் செலவு 2,000 ரூபாயை 11 மாதத்துக்குப் பிரித்தால் 182. சாமான் ஏற்றி இறக்கிய செலவு 5,500, மாதத்துக்கு 500. பஸ்ஸுக்கு 500. ஆக மொத்தம் 19,237 ரூபாய்.

தூரத்து வீடு: வாடகை 9,000. தரகு மாதத்துக்கு 818. டெபாசிட் 30,000, வட்டி 300. பதிவு 182. சாமான் செலவு 500. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ ஆளுக்கு 20 ரூபாய். இரண்டு பேர், போக வர, 26 நாள் என்றால் 2,080. இரண்டு சீசன் டிக்கெட் 600. இந்தப் பக்கம் இறங்கியபின் பஸ்ஸுக்கு 1,040. விலைக்கு வாங்கும் தண்ணீர் 500. ஆக மொத்தம் 15,020 ரூபாய்.

சொன்ன வாடகையில் வித்தியாசம் 7,000. உண்மையில் மிஞ்சுவது 4,217. இந்த 4,217 ரூபாய்க்காக இரண்டு பேரும் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் கூடுதலாக ரயிலிலும் வரிசையிலும் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாளில் இருவருக்குமாக 156 மணி நேரம். வகுத்துப் பாருங்கள். மணிக்கு 27 ரூபாய்! எந்த முதலாளியாவது மணிக்கு 27 ரூபாய்க்கு நம்மை வேலைக்குக் கூப்பிட்டால் நாம் போவோமா? தொங்கிக்கொண்டு வரும் ரயிலில் அந்தக் கூலிக்குத்தான் நம் உயிரை வைத்திருக்கிறோம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நம்மில் பலர் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதுதான் வீட்டுப் பெண்ணின் வருமானம். காலை ஆறரை மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டிய வீட்டுக்குக் கல்யாணுக்கு அப்பாலிருந்து வந்து சேர முடியுமா? குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நடுவில் போய்ப் பார்த்துவிட்டு வர முடியுமா? முடியாது. ஒவ்வொரு வீடாகக் கைவிட்டு, கடைசியில் வேலையே நின்றுபோகும். அப்போது கணக்கு என்ன? வரவு 24,000. அந்த அம்மாவின் பயணச் செலவு 1,860 மிச்சம்; ஆகவே தூரத்து வீட்டின் செலவு 13,160. கையில் நிற்பது 10,840. பக்கத்து வீட்டிலேயே இருந்து இருவரும் வேலை செய்தால் 33,000இல் 19,237 போக, கையில் நிற்பது 13,763. மலிவு என்று நினைத்த வீடு மாதம் 2,923 ரூபாய் அதிக விலையுள்ள வீடாக ஆகிவிட்டது!

பெண்ணின் சம்பாத்தியம் கதவு எண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது, தோழர்களே. வீடு மாறுவதை ஆண்கள் மட்டும் முடிவு செய்யும் குடும்பங்களில் இந்தத் தவறு நடக்கிறது. வீடு பார்க்கப் போகும்போது வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், எத்தனை நேரம் வரும் என்று முதலில் கேட்பவர் அவராகத்தான் இருப்பார். விடியற்காலை நாலு மணிக்கு வந்து ஐந்து மணிக்கு நின்றுபோகும் தண்ணீருக்கு எழுந்திருக்கப் போவது யார்?

பிள்ளைகளின் படிப்பும் இதே கணக்கில் வரும். மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளை நடத்துகிறது. அவை நகரத்தின் எல்லா மூலையிலும் இல்லை. நகர எல்லையைத் தாண்டிக் குடிபோகும்போது, பிள்ளையின் படிப்பு மொழியும் மாறிவிடலாம். அதற்கும் ஒரு வரி எழுதிவிட்டு முடிவு செய்யுங்கள்.

தூரத்து வீடு எப்போதுமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. வீட்டிலேயே தையல் மிஷின் வைத்து உழைப்பவருக்கும், அந்தப் பக்கமே வேலை இருப்பவருக்கும் அது நல்ல வீடாக இருக்கும். கணக்குப் போட்டுப் போங்கள் என்றுதான் சொல்கிறோம்.

விலையை யார் உண்டாக்கினார்கள்?

அதே செங்கல், அதே சிமென்ட். ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு விலை, தூரத்தில் ஒரு விலை. செங்கலுக்கு அந்த விலை இல்லை என்பது விளங்குகிறதா? பக்கத்தில் வேலை இருக்கிறது, கடை இருக்கிறது, ரயில் இருக்கிறது என்பதற்குத்தான் விலை. அந்த வேலைகளையும் கடைகளையும் உண்டாக்கியவர்கள் யார்? தாராவிச் சதுப்பு நிலத்தில் மண் கொட்டி மேடாக்கியவர்களில் திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிட வந்த நம் முன்னோர்களும் உண்டு. நாம் உழைத்து உயர்த்திய இடத்துக்கு, உயர்ந்த விலையை நம்மிடமே கேட்கிறார்கள். இது நாட்டின் அரசியல் கேள்வி. அதனால்தான் இந்த மேடையில் பேசுகிறோம்.

இன்னொரு விலையும் உண்டு. "எந்த ஊர்? என்ன சாதி? மீன் சமைப்பீர்களா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துகிற சொசைட்டிகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்து வீடுகளில் ஏழு வீடு நமக்குக் கிடையாது என்றால், மிச்சமுள்ள மூன்று வீட்டுக்காரர்களும் நம்மிடம் கூடுதல் கேட்பார்கள். ஒதுக்கி வைப்பது அவமானம் மட்டுமல்ல, மாதாமாதம் நாம் கட்டும் வரியும்கூட.

தாளில் இருப்பதுதான் நிற்கும்

இப்போது சட்டம் நமக்குக் கொடுத்திருக்கும் ஆயுதங்களைப் பார்ப்போம். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு என்ன சொல்கிறது? வாடகை ஒப்பந்தமோ லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தமோ, எழுத்தில் இருக்க வேண்டும். பதிவும் செய்ய வேண்டும். பதினொரு மாதம்தானே, பதிவு வேண்டாம் என்ற பேச்சு மகாராஷ்டிரத்தில் செல்லாது. பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. செய்யாவிட்டால் அவருக்கு மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அதைவிட முக்கியமானது இன்னொன்று. பதிவு செய்த தாள் இல்லாதபோது, நிபந்தனைகளைப் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதே ஏற்கப்படும். மாறாக மெய்ப்பிக்கப்பட்டால்தான் மாறும்.

செலவு பெரிதா? இல்லை. 16,000 வாடகை, 60,000 டெபாசிட், 11 மாதம் என்றால் முத்திரைக் கட்டணம் ஏறத்தாழ 450 ரூபாய். மாநகராட்சிப் பகுதியில் பதிவுக் கட்டணம் 1,000 ரூபாய். எழுதுகிறவரின் கூலி தனி. இந்தச் சிறு தொகைக்காகப் பதிவைத் தவிர்ப்பது பெரிய முட்டாள்தனம்.

ஆனால் அதே சட்டத்தில் நம்மைக் கட்டும் கயிறும் இருக்கிறது. எழுதிய லைசென்ஸ் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ அதுவே முடிந்த சான்று என்று 24ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது. ஒரு இலட்சம் டெபாசிட் வாங்கிக்கொண்டு, "தாளில் இருபதாயிரம் என்று போடுவோம்" என்று வீட்டுக்காரர் சொன்னால், சம்மதித்தால், போன எண்பதாயிரத்தைச் சட்டத்தின் முன் தேடிப் பிடிப்பது கடினம். காலம் முடிந்தும் காலி செய்யாமல் இருந்தால் இரண்டு மடங்கு கட்டணம் கொடுக்க வேண்டிவரும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. ஒப்பந்தம் ஆங்கிலத்திலோ மராத்தியிலோ இருக்கும். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுத்து, ஒரு இரவு வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு இரவு கூடப் பொறுக்காத வீட்டுக்காரரின் வீட்டில் பதினொரு மாதம் எப்படி இருப்பது?

வாடகைக்கு ரசீது கேட்பது நம் உரிமை. தண்ணீரையோ மின்சாரத்தையோ காரணமின்றி வீட்டுக்காரர் வெட்டக்கூடாது என்பதும் சட்டத்தில் உள்ளது. மறுவாழ்வுத் திட்டத்தில் குடிசைக்குப் பதிலாகக் கொடுக்கப்பட்ட வீடுகளைக் குறிப்பிட்ட ஆண்டுகள் முடியும்வரை விற்கவோ குத்தகைக்கு விடவோ தடை உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் நுழையுமுன் அந்த ஆண்டுகள் முடிந்துவிட்டனவா என்று விசாரியுங்கள். மின்சார ரசீதும் சொசைட்டி ரசீதும் யார் பெயரில் இருக்கின்றன, பாக்கி ஏதும் உண்டா என்றும் பாருங்கள்.

தாள் எவ்வளவு பெரிய பொருள் என்பதைத் தாராவி நமக்குக் காட்டியிருக்கிறது. 2024 மார்ச்சில் அங்கே வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000ஆம் ஆண்டு ஜனவரி 1க்கு முன்பா பின்பா, தரைத்தளமா மாடியா என்பதைப் பொறுத்து ஒரு குடும்பத்துக்கு எங்கே, எந்த நிபந்தனையில் வீடு என்பது பிரிக்கப்பட்டது. இத்தகைய நேரத்தில் தேதியோடு கூடிய ஒரு பழைய ரசீது பொன்னுக்குச் சமம். ஆகவே எல்லாத் தாள்களையும் தகரப் பெட்டியில் பத்திரப்படுத்துங்கள். போனில் படமும் எடுத்து வையுங்கள்.

பேரம் பேசும் வலிமை

வீட்டுக்காரரிடம் பேரம் பேச நமக்கு என்ன வலிமை இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடந்தால் அவருக்கு 16,000 நட்டம். மாதம் 1,000 ரூபாய் குறைத்துக் கொடுத்தால் 11 மாதத்துக்கு 11,000தான் குறைகிறது. ஆகவே வீடு எத்தனை நாளாகக் காலியாக இருக்கிறது என்பதைக் கீழே பால்காரரிடமும் வாட்ச்மேனிடமும் கேட்டுவிட்டு மேலே ஏறுங்கள். போன குடித்தனக்காரர் என்ன கொடுத்தார், ஏன் போனார் என்றும் கேளுங்கள். அதே கட்டடத்தில் இன்னும் இரண்டு வீட்டின் வாடகையை விசாரித்து வையுங்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது தரகர் செய்கிற வேலை ஒன்றுமில்லை. அப்போது தரகு கொடுக்க மறுக்கலாம். ஒழுங்காக வாடகை கொடுத்த ஒரு குடும்பம் தங்கியிருப்பது வீட்டுக்காரருக்கும் இலாபம் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

ஆனால் தனி ஒருவரின் பேச்சு எவ்வளவு தூரம் போகும்? அதனால் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். சங்க அலுவலகத்தில் ஒரு வாடகைப் பதிவேடு வைப்போம். நாற்பது ரூபாய் நோட்டுப் புத்தகம் போதும். யாருடைய பெயரும் வேண்டாம். தெருவின் பெயர், அளந்த சதுர அடி, வாடகை, டெபாசிட், தரகு, தண்ணீர் வரும் நேரம், காலி செய்தபோது டெபாசிட் எத்தனை நாளில் திரும்பி வந்தது என்ற ஏழு விவரங்கள். இங்கே கூடியிருக்கும் ஒவ்வொரு குடும்பமும் ஒரு வரி எழுதினால், ஊரிலிருந்து நாளை ரயிலில் வந்து இறங்கும் ஒரு தம்பிக்கு இந்தத் தெருவின் விலை முழுவதும் தெரிந்துவிடும். தரகருக்கு மட்டும் தெரிந்திருந்தது நமக்கும் தெரிந்துவிடும். மராத்தியும் ஆங்கிலமும் படிக்கத் தெரிந்த நம் பிள்ளைகள் இரண்டு பேர் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்லிவிடலாம்.

அரசிடம் கேட்க வேண்டியதும் உண்டு. 2021இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் டெபாசிட் கூடாது என்கிறது. அது மாதிரிதான். மாநிலங்கள் ஏற்று இயற்றினால்தான் சட்டம் ஆகும். டெபாசிட்டுக்கு உச்சவரம்பு வேண்டும் என்ற கோரிக்கையை இந்த ஊரின் எல்லா மொழித் தொழிலாளர்களோடும் சேர்ந்து நாம் எழுப்ப வேண்டும். மராத்தியத் தோழருக்கும் உத்தரப்பிரதேசத் தோழருக்கும் இதே டெபாசிட், இதே தரகு, இதே ரயில்தான்.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். அந்த வளைக்கு நாம் கொடுப்பது நம் உழைப்பின் பெரும்பகுதி. கூலியை வாங்கும்போது எண்ணி வாங்குகிற நாம், வாடகையைக் கொடுக்கும்போதும் எண்ணிக் கொடுப்போம். பதிவேடு இன்றைக்கு இந்த மேசையின் மேல் இருக்கிறது. கூட்டம் முடிந்து போகும்போது ஒவ்வொருவரும் உங்கள் வரியை எழுதிவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறோம்.